நீலகிரிக்கு வழி அமைத்த ஜான் சல்லிவன்

தமிழ்நாட்டின் மேற்கு எல்லையில், கேரள மாநிலமும் கர்நாடக மாநிலமும் வந்து சேரும் இடத்தில், நீலகிரி மலைத்தொடர் வீற்றிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் ஒன்றோடொன்று சந்திக்கும் இடமும் அதுவே. அம்மலையின் மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில், உதகமண்டலம் என்னும் நகரம் அமைந்துள்ளது. மக்கள் அதனைச் சுருக்கமாக ஊட்டி என்று அழைக்கின்றனர். மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா நகரைவிட அது ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் உள்ளது. பச்சைப் பசேலென்ற தேயிலைத் தோட்டங்களையும், படகுகள் மிதக்கும் ஏரியையும், மலையைச் சுற்றி ஊர்ந்து ஏறும் இரயிலையும் காண ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான மக்கள் அங்குச் செல்கின்றனர்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கு நகரமும் இல்லை, ஏரியும் இல்லை, வண்டி செல்லும் பாதையும் இல்லை. அந்த மலையை மக்கள் குடியேறவும், பயிர் செய்யவும், வணிகம் நடத்தவும், ஓய்வெடுக்கவும் ஏற்ற இடமாக மாற்றலாம் என்று நம்பி, அதற்காகப் பல்லாண்டுகள் அயராது உழைத்தவர் ஜான் சல்லிவன். அவரது வாழ்க்கை ஒரு சாதனையாளரின் வரலாறு மட்டுமன்று. ஓரிடத்தைப் புதியவர்களுக்குத் திறந்துவிடும்போது, அங்கே முன்பே வாழ்ந்தவர்களின் உரிமை என்னவாகும் என்னும் கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொண்ட ஒருவரின் வரலாறும் ஆகும்.

இளமையும் பணியும்

ஜான் சல்லிவன் 1788ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 15ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். அக்காலத்தில் இந்தியாவின் சில பகுதிகளை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டுவந்தது. வணிகம் செய்ய வந்த அந்நிறுவனம், படிப்படியாக நாடாளும் அமைப்பாக வளர்ந்திருந்தது. இங்கிலாந்தில் பிறந்த இளைஞர் பலர் அதில் எழுத்தராகச் சேர்ந்து, கடல் கடந்து வந்து, பின்னர் உயர் பதவிகளை அடைந்தனர். சல்லிவனும் 1804ஆம் ஆண்டில், பள்ளிப் பருவத்தை இன்னும் முழுமையாகக் கடக்காத வயதில், கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் எழுத்தராகச் சேர்ந்தார்.

அலுவலகக் கோப்புகளோடு தொடங்கிய அவரது பணி, நில வரி, நீதி, ஊர் நிருவாகம் என விரிந்தது. 1815ஆம் ஆண்டில் அவர் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆட்சியராக அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு கூட நிரம்பியிருக்குமோ என்னும் அளவிலேயே இருந்தது. அதன்பின் 1830ஆம் ஆண்டு வரை, ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள், அம்மாவட்டத்தின் பொறுப்பு அவரிடமே இருந்தது.

கோயம்புத்தூர் சமவெளியிலிருந்து வடக்கே நோக்கினால், நீல நிறத் திரை விரித்தாற்போல மலைத்தொடர் ஒன்று தெரியும். அதுவே நீலகிரி. 1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர், அம்மலை கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆயினும், அம்மலையின் மேல் என்ன இருக்கிறது என்பது கம்பெனி அதிகாரிகளுக்குத் தெளிவாகத் தெரியாது. மலையடிவாரக் காடுகளில் கொடிய காய்ச்சல் பரவியிருந்தது. யானைகளும் புலிகளும் உலவின. மலைச்சரிவுகளோ செங்குத்தாக இருந்தன. எனவே, சமவெளி அதிகாரிகள் அந்த மலையை அண்ணாந்து பார்த்ததோடு நின்றுவிட்டனர்.

மலையின் மக்கள்

வெளியாருக்கு அறிமுகமில்லாத மலை என்பதால், அது மக்களே இல்லாத மலை என்று பொருளாகாது. தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் ஆகிய மக்கள் அங்கு நெடுங்காலமாக வாழ்ந்துவந்தனர். தோடர்கள் எருமைகளை மேய்த்தனர். எருமையே அவர்களது செல்வம். எருமைப் பாலைக் கடையும் இடமே அவர்களது கோயில். பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற வடிவில் அவர்கள் குடிசைகள் அமைத்தனர். அவர்களது சிற்றூர் மந்து எனப்பட்டது. கோத்தர்கள் மண்பாண்டங்களும் இரும்புக் கருவிகளும் செய்தனர். இசைக் கருவிகளும் வாசித்தனர். படுகர்கள் நிலத்தை உழுது தானியம் விளைவித்தனர். குறும்பரும் இருளரும் மலைச்சரிவுக் காடுகளில் வாழ்ந்து, தேனும் பிற வனப்பொருள்களும் சேகரித்தனர்.

இம்மக்கள் தனித்தனியே வாழவில்லை. பாலும் நெய்யும் ஒருவரிடமிருந்து வர, தானியம் மற்றொருவரிடமிருந்து வந்தது. கருவியும் கலமும் வேறொருவரிடமிருந்து வந்தன. கொண்டும் கொடுத்தும் வாழும் வாழ்க்கையால் அவர்கள் ஒருவரையொருவர் சார்ந்திருந்தனர்.

மலை ஏறிய ஆட்சியர்

1818ஆம் ஆண்டு வாக்கில், சல்லிவனின் உதவி அதிகாரிகளான விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இருவர் நீலகிரியின் மேல் ஏறித் திரும்பினர். மலையின் மேல் பரந்த புல்வெளிகள் இருப்பதையும், அங்குக் குளிர்ந்த காற்று வீசுவதையும் அவர்கள் தெரிவித்தனர். அச்செய்தி சல்லிவனின் ஆர்வத்தைத் தூண்டியது. பிறர் சொல்லக் கேட்டதோடு அவர் மனநிறைவு அடையவில்லை. 1819ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தாமே ஒரு குழுவுடன் மலையேறினார்.

கல்லும் முள்ளும் நிறைந்த வழியில் நிகழ்ந்த அந்தப் பயணம் எளிதாக இருக்கவில்லை. ஆனால், மேலே சென்றதும் அவர் கண்ட காட்சி அவரது களைப்பைப் போக்கியது. அலை அலையாகப் புல்மேடுகள். அவற்றின் மடிப்புகளில் அடர்ந்த சோலைக் காடுகள். பள்ளங்களில் சலசலவென்று ஓடும் நீரோடைகள். சமவெளியில் வெயில் சுட்டெரிக்கும் நாட்டில், கம்பளி போர்த்திக்கொள்ளும் அளவுக்குக் குளிர் நிலவும் ஓர் இடத்தை அவர் கண்டார்.

அவர் வெறும் வியப்போடு திரும்பவில்லை. ஒரு நிருவாகியின் கண்ணோடும் அந்த இடத்தைப் பார்த்தார். அக்காலத்தில் இந்தியாவில் பணியாற்றிய ஐரோப்பியர் பலர் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டனர். நோயுற்ற அதிகாரிகள் உடல்நலம் தேறுவதற்காகக் கப்பலேறித் தென்னாப்பிரிக்கா போன்ற தொலைதூர நாடுகளுக்குச் செல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பல மாதங்களும் பெரும் பணமும் செலவாயின. சமவெளியிலிருந்து சில நாள் பயணத்திலேயே குளிர்ந்த இடம் இருக்கும்போது, கடல் கடக்க வேண்டிய தேவை என்ன என்று சல்லிவன் எண்ணினார்.

அதே 1819ஆம் ஆண்டில், லெஷனோ த லா தூர் என்னும் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் நீலகிரிக்குச் சென்றார். செடிகொடிகளை ஆராயச் சென்ற அவர் அப்போது நோயுற்றிருந்தார். மலையில் தங்கிய நாள்களில் அவரது உடல்நலம் தேறியது. சல்லிவனின் நம்பிக்கைக்கு அது வலுவான சான்றாக அமைந்தது.

சிறுமுகையிலிருந்து ஒரு பாதை

மலையின் அருமை பெருமைகளை எடுத்துரைத்தால் மட்டும் மக்கள் அங்குச் சென்றுவிடமாட்டார்கள் என்பதைச் சல்லிவன் அறிந்திருந்தார். முதலில் வழி வேண்டும். நோயாளியைத் தூக்கிச் செல்லவும், மூட்டை சுமக்கும் விலங்குகள் ஏறவும், விளைபொருள் இறங்கவும் பாதை இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல இடமும் எட்டாக்கனியாகவே இருக்கும்.

ஆகவே, அவர் சென்னையிலிருந்த அரசுக்கு மீண்டும் மீண்டும் கடிதங்கள் எழுதினார். மலையின் தட்பவெப்பம், மண்வளம், நீர்வளம் ஆகியவற்றைப் பற்றிய விவரங்களைத் திரட்டி அனுப்பினார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதற்கேற்ப, அரசு இறுதியில் இசைந்தது. பவானி ஆற்றங்கரையில் உள்ள சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பகுதிக்குப் பாதை அமைக்கும் பணி தொடங்கியது. மேக்பர்சன் என்னும் படை அதிகாரி அதனை மேற்பார்வையிட்டார். பாறையை உடைத்து, மரங்களை அகற்றி, சரிவுகளை வெட்டி அப்பாதையை உருவாக்கியவர்கள் பெயர் தெரியாத தொழிலாளர்களும் கைதிகளும் ஆவர். 1823ஆம் ஆண்டில் பாதை நிறைவுபெற்றது.

பாதை உருவாகிக்கொண்டிருந்தபோதே, கோத்தகிரிக்கு அருகில் உள்ள கன்னேரிமுக்கு என்னும் ஊரில் சல்லிவன் ஒரு வீடு கட்டினார். நீலகிரியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு அதுவே. அந்தக் கட்டடம் பின்னாளில் சிதைந்துபோயிற்று. எனினும், இன்று அது சீரமைக்கப்பட்டு, சல்லிவன் நினைவகமாக விளங்குகிறது.

கல் பங்களாவும் ஏரியும்

கோத்தகிரியோடு சல்லிவன் நின்றுவிடவில்லை. மலையின் இன்னும் உயரமான பகுதியில், நான்கு புறமும் குன்றுகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு அவரைக் கவர்ந்தது. அங்குத் தோடர்களின் மந்து ஒன்று இருந்தது. அந்த மந்தின் பெயரிலிருந்தே உதகமண்டலம் என்னும் பெயர் பிறந்தது. ஒற்றைக்கல் மந்து என்னும் பெயரே அவ்வாறு திரிந்தது என்று சிலர் விளக்கம் கூறுவர்.

அவ்விடத்தில் சல்லிவன் தோடர்களிடமிருந்து நிலம் வாங்கினார். ஓர் ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்பதே அவர் கொடுத்த விலை. 1822ஆம் ஆண்டில் அங்குக் கல்லால் வீடு கட்டத் தொடங்கினார். மூங்கிலும் புல்லும் கொண்டு கட்டிய குடிசைகளையே அதுவரை கண்டிருந்த மக்கள், அதனைக் கல் பங்களா என்று அழைத்தனர். உதகமண்டலத்தின் முதல் ஐரோப்பிய இல்லம் அதுவாகும். 1820ஆம் ஆண்டில் சல்லிவன் ஹென்ரியட்டா என்னும் பெண்மணியை மணந்திருந்தார். அவர் தம் கணவரோடு மலைக்கு வந்து குடியேறினார். நீலகிரியில் வாழ்ந்த முதல் ஐரோப்பியப் பெண்மணி அவரே. ஆட்சியரே தம் குடும்பத்தோடு குடியேறியதைக் கண்டு, மற்றவர்களுக்கும் துணிவு பிறந்தது.

வீட்டைச் சுற்றிச் சல்லிவன் தோட்டம் அமைத்தார். அதற்காக ஜான்ஸ்டன் என்னும் ஐரோப்பியத் தோட்டக்காரரைப் பணியில் அமர்த்தினார். ஆப்பிள், பீச், ஸ்ட்ராபெரி ஆகிய பழங்களும், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் போன்ற காய்கறிகளும் அங்குப் பயிரிடப்பட்டன. எந்தப் பயிர் இம்மண்ணில் செழிக்கும், எது பனியில் கருகும் என்பதைப் பயிரிட்டுப் பார்த்தே அவர்கள் அறிந்தனர். நாளடைவில் படுகர் உழவர்களும் உருளைக்கிழங்கைத் தங்கள் நிலங்களில் விளைவிக்கத் தொடங்கினர். தங்கள் உணவுக்கு மட்டும் தானியம் விளைவித்த அவர்களுக்கு, சந்தையில் விற்கக்கூடிய ஒரு பயிர் கிடைத்தது. இன்றும் நீலகிரியின் காய்கறிகள் தமிழ்நாட்டுச் சந்தைகளில் பெயர் பெற்றவையாக உள்ளன.

1823க்கும் 1825க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், பள்ளத்தாக்கில் ஓடிய நீரோடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி, சல்லிவன் ஓர் ஏரியை உருவாக்கினார். இன்று சுற்றுலாப் பயணிகள் படகில் சென்று மகிழும் ஊட்டி ஏரி அதுதான். இயற்கையாகவே அமைந்தது போலத் தோன்றும் அந்த ஏரி, மனித முயற்சியால் விளைந்தது என்பதைப் பலர் அறியார்.

பெருகிய புகழ்

மெல்ல மெல்ல உதகமண்டலத்தின் புகழ் பரவியது. 1826ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ அங்கு வருகை புரிந்தார். மாகாணத்தின் தலைவரே நேரில் வந்து கண்டது, சல்லிவனின் முயற்சிக்குக் கிடைத்த பெரிய ஏற்பாக அமைந்தது. மன்றோவிற்குப் பின்னர் ஆளுநரான ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டன் அந்த மலையின்மீது இன்னும் மிகுந்த ஈடுபாடு காட்டினார். நோயுற்ற படைவீரர்கள் தங்கி நலம்பெறும் இடமாக உதகமண்டலத்தை வளர்க்க அவர் முனைந்தார். 1828ஆம் ஆண்டில் அக்குடியிருப்பு ஒரு படை அதிகாரியின் பொறுப்பில் விடப்பட்டது. குன்னூர் வழியாகப் புதிய பாதை ஒன்றும் அமைக்கப்பட்டது. தூய ஸ்டீபன் தேவாலயம் எழுந்து, 1831ஆம் ஆண்டில் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. வீடுகள் பெருகின, கடைகள் தோன்றின, சமவெளியிலிருந்து வணிகர்களும் தொழிலாளர்களும் வந்து சேர்ந்தனர்.

பத்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கண்ட கனவு, கண்ணெதிரே ஊராக உருப்பெற்றது. அதைக் கண்டு சல்லிவன் மகிழ்ந்திருக்கக்கூடும். ஆனால், அந்த வளர்ச்சியே அவரை ஒரு கடினமான கேள்வியின் முன் நிறுத்தியது.

நிலம் யாருடையது?

குடியேற வந்த ஒவ்வொருவருக்கும் நிலம் தேவைப்பட்டது. வீட்டுக்கு நிலம், தோட்டத்துக்கு நிலம், படைவீரர் குடியிருப்புக்கு நிலம், சாலைக்கு நிலம் எனத் தேவை வளர்ந்துகொண்டே சென்றது. வேலியோ எல்லைக்கல்லோ இல்லாத புல்வெளிகளைக் கண்டவர்கள், அவை யாருக்கும் உரிமையற்ற வெற்று நிலங்கள் என்று கருதினர். ஆனால், அந்தப் புல்வெளிகளில்தான் தோடர்களின் எருமைகள் மேய்ந்தன. பருவத்திற்கு ஏற்ப ஒரு மந்திலிருந்து மற்றொரு மந்துக்கு இடம் மாறி வாழ்வது அவர்களது வழக்கம். ஆள் இல்லாத இடம்போலத் தோன்றிய நிலம், அடுத்த பருவத்தில் அவர்கள் திரும்பி வரவேண்டிய நிலமாக இருந்தது.

மலையின் நிலம் தோடர்களுக்கே உரியது என்பது சல்லிவனின் உறுதியான கருத்து. ஆகவே, குடியேறுவோருக்கு நிலம் வேண்டுமென்றால், அதனைத் தோடர்களிடமிருந்து அவர்களது இசைவோடு, உரிய விலை கொடுத்துப் பெறவேண்டும் என்று அவர் வாதிட்டார். ஆளுநர் லஷிங்டனின் அரசு அதனை ஏற்கவில்லை. தோடர்களுக்கு எருமை மேய்க்கும் உரிமை மட்டுமே உண்டு. நிலம் அரசுக்கே உரியது என்பது அவ்வரசின் நிலைப்பாடு. இருதரப்புக்கும் இடையே கருத்து வேறுபாடு முற்றியது. 1830ஆம் ஆண்டில், உதகமண்டலம் உள்ளிட்ட மலையின் பெரும்பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. தாம் வளர்த்த ஊரின் நிருவாகம் சல்லிவனின் கையைவிட்டுப் போயிற்று. அதே ஆண்டில் அவர் ஆட்சியர் பொறுப்பிலிருந்து விலகி, விடுப்பில் இங்கிலாந்து சென்றார்.

இங்குச் சல்லிவனை எடைபோடும்போது இரு பக்கங்களையும் பார்க்க வேண்டும். ஏக்கருக்கு ஒரு ரூபாய் விலையில் முதலில் நிலம் வாங்கியவர் அவரே. புதியவர்கள் மலைக்கு வரப் பாதை அமைத்தவரும் அவரே. அவர் திறந்த கதவின் வழியாகத்தான் மற்றவர்கள் நுழைந்தனர். அதை மறுக்க முடியாது. அதேவேளை, விலையே கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று வலிமை வாய்ந்தவர்கள் எண்ணிய காலத்தில், அந்த நிலத்திற்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள் என்று அரசுக்கு எடுத்துரைத்தவரும் அவரே. தம் மேலதிகாரிகளோடு முரண்பட்டால் தம் பதவிக்கு இடையூறு நேரும் என்பதை அறிந்தும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மீண்டும் மலைக்கு

1830களின் நடுப்பகுதியில் சல்லிவன் இந்தியாவுக்குத் திரும்பினார். சென்னை மாகாண வருவாய் வாரியத்தின் மூத்த உறுப்பினராக உயர்ந்தார். பதவி உயர்ந்தபோதும் நீலகிரியின்மீது அவர் கொண்டிருந்த பற்று குறையவில்லை. மீண்டும் அங்கே குடும்பத்தோடு வாழ்ந்தார்.

அந்த மலையே அவருக்குப் பெருந்துயரையும் தந்தது. 1838ஆம் ஆண்டில் அவர் தம் மனைவி ஹென்ரியட்டாவையும் ஒரு மகளையும் அடுத்தடுத்து இழந்தார். அப்போது ஹென்ரியட்டாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. உடல்நலம் தரும் இடம் என்று உலகுக்கு எடுத்துக்காட்டிய மலையிலேயே, தம் அன்புக்குரியவர்களை அவர் மண்ணுக்குக் கொடுக்க நேர்ந்தது. தாயும் மகளும் உதகமண்டலம் தூய ஸ்டீபன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். சல்லிவன் 1841ஆம் ஆண்டில் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார்.

ஓய்வு பெற்ற பின்னரும் அவர் இந்தியாவை மறக்கவில்லை. இந்தியர்களை நம்பி ஆட்சிப் பொறுப்புகளை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். இந்திய அரசர்களின் நாடுகளைக் கம்பெனி தன் ஆட்சியோடு இணைத்துக்கொள்வதை எதிர்த்து எழுதினார். தோடர்களின் நில உரிமைக்காக வாதிட்ட அதே மனமே இக்கருத்துகளிலும் வெளிப்பட்டது. 1855ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் அவர் இங்கிலாந்தில் காலமானார். அவரது உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.

அவருக்குப் பின்

சல்லிவன் தொடங்கிய மாற்றம் அவரது மறைவுக்குப் பின்னரும் தொடர்ந்தது. 1843ஆம் ஆண்டில் மலைப்பகுதி மீண்டும் கோயம்புத்தூரோடு சேர்க்கப்பட்டிருந்தது. 1868ஆம் ஆண்டில் நீலகிரி தனி நிருவாகப் பகுதியாயிற்று. காப்பியும் தேயிலையும் மலைச்சரிவுகளில் பரவின. அத்தோட்டங்களில் உழைக்கச் சமவெளியிலிருந்து பலர் சென்றனர். கோடைக்காலத்தில் சென்னை மாகாண அரசே உதகமண்டலத்திலிருந்து இயங்கியது. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் மலை இரயில், 1899ஆம் ஆண்டில் குன்னூரையும் 1908ஆம் ஆண்டில் உதகமண்டலத்தையும் எட்டியது. ஏறக்குறைய 46 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இரயில் பாதை, 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

வளர்ச்சிக்கு விலையும் இருந்தது. தோடர்களின் புல்வெளிகள் பல, தோட்டங்களாகவும் வெளிநாட்டு மரங்கள் நிறைந்த காடுகளாகவும் மாறின. சல்லிவன் வெட்டிய ஏரியும் சுருங்கியது. ஏரி பரவியிருந்த இடத்தின் ஒரு பகுதியில் இன்று பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் உள்ளன. கோடை விடுமுறையில் மலைச்சாலைகளில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. நெகிழிக் குப்பையும் நீர்ப் பற்றாக்குறையும் ஊர் மக்களைக் கவலைகொள்ளச் செய்கின்றன. இந்நிலையில், 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல், வெளியூர் வண்டிகள் உதகமண்டலத்திற்குச் செல்ல இணையம்வழி முன் அனுமதி பெறவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆள் வராத மலைக்கு ஆள் வரவேண்டும் என்று சல்லிவன் பாடுபட்டார். இன்றோ, வருவோரின் எண்ணிக்கையை எப்படி அளவோடு வைப்பது என்று அதே மலை சிந்திக்க வேண்டியுள்ளது.

சல்லிவன் கட்டிய கல் பங்களா இன்றும் நிலைத்து நிற்கிறது. அது அரசு கலைக் கல்லூரியின் ஒரு பகுதியாக விளங்குகிறது. மலைவாழ் மக்களின் பிள்ளைகளும் படிக்கும் கல்லூரி அது. ஒரு காலத்தில் ஓர் ஏக்கர் ஒரு ரூபாய்க்குக் கைமாறிய நிலத்தில், இன்று அம்மண்ணின் மக்களுக்கும் கல்வி கிடைக்கிறது.

ஓர் இடத்தின் வளத்தைக் கண்டறிவதற்குக் கூர்ந்த பார்வை வேண்டும். அதனைப் பலருக்கும் பயன்படச் செய்வதற்கு விடாமுயற்சி வேண்டும். சல்லிவனிடம் இவ்விரண்டும் இருந்தன. ஆனால், அங்கு முன்பே வாழ்வோரின் உரிமையை மதிக்காவிட்டால், அந்த வளர்ச்சி அரைகுறையாகவே இருக்கும். இதனைச் சல்லிவன் முழுமையாக நிறைவேற்றினார் என்று கூறுவதற்கில்லை. எனினும், பிறர் கேட்க விரும்பாத காலத்தில் அதை அவர் எடுத்துச் சொன்னார். நீலகிரியின் பாதையும் ஏரியும் அவரை நினைவூட்டுவதுபோல, அந்தக் குரலும் அவரை நினைவூட்டும்.